வராதவனுக்குப் பூஜ்யம் போடலாமா?

ஜாவாவில் ஓர் எண்ணை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று இன்ட். அது வெறும் மதிப்பு, நான்கு பைட் இடம், அவ்வளவுதான். இன்னொன்று இன்டிஜர். அதே எண்ணைத் தன்னுள் வைத்திருக்கும் ஆப்ஜெக்ட். முதலாவதை பிரிமிட்டிவ் என்போம், இரண்டாவதை ராப்பர் என்போம். எண்ணை ஆப்ஜெக்ட் ஆக்குவது பாக்சிங், ஆப்ஜெக்ட்டிலிருந்து எண்ணைத் திரும்ப எடுப்பது அன்பாக்சிங். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற விஷயம். இன்டர்வியூவில் கேட்பார்கள், பையன்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மொழியில் பிழைப்பு நடத்திவரும் எனக்கு, அந்த ஒரு பக்கத்தில் தங்கி நிற்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது என்று தோன்றுகிறது.

இப்படி இரண்டு வகை இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்மால்டாக் மொழியில் 3 என்ற எண்ணும் ஆப்ஜெக்ட்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங்கின் குழு ஜாவாவை 1995-ல் வெளியே கொண்டுவந்தபோது, அந்த வழியில் முழுதாகப் போகவில்லை. எதிரே இருந்தவர்கள் சி, சி++ எழுதிப் பழகியவர்கள். அன்றைய கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு எண்ணையும் ஆப்ஜெக்ட் ஆக்கினால் வேகம் போய்விடும். அதனால் பைட், ஷார்ட், இன்ட், லாங், ஃப்ளோட், டபுள், கேர், பூலியன் என்று எட்டு வகைகளை ஆப்ஜெக்ட் உலகத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆப்ஜெக்ட் மட்டுமே நுழையக்கூடிய இடங்களுக்கு இவையும் போக வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ராப்பர் கிளாஸ் செய்து கொடுத்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்தபோது ஜாவா 1.4 புழக்கத்தில் இருந்தது. 1998 டிசம்பரில் 1.2-உடன் வந்த கலெக்‌ஷன்ஸ் எல்லா புரோகிராமிலும் இருக்கும். ஜோஷுவா பிளாக் வடிவமைத்தது. அர்ரேலிஸ்ட் ஆகட்டும், ஹேஷ்மேப் ஆகட்டும், ஆப்ஜெக்ட்டைத்தான் வாங்கும். ஒரு மதிப்பெண்ணை லிஸ்டில் சேர்க்க வேண்டுமென்றால் ‘நியூ இன்டிஜர்’ என்று கையால் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே எடுக்கும்போது, வருவது இன்டிஜர்தான் என்று காஸ்ட் செய்து சொல்லிவிட்டு, அதன்மேல் ‘இன்ட்வேல்யூ’ மெத்தடைக் கூப்பிட வேண்டும். ஒரு கூட்டலுக்கு மூன்று வரி ஆகும். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த வரியில் எண் ஆப்ஜெக்ட் ஆகிறது, எந்த வரியில் அது மறுபடியும் எண் ஆகிறது என்பது படிக்கிறவன் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

2004 செப்டம்பர் 30 அன்று ஜாவா 5 வெளியானது. ஜெனரிக்ஸும் ஆட்டோபாக்சிங்கும் சேர்ந்தே வந்தன. மூன்று வரி ஒரு வரியானது. லிஸ்டில் 78 என்று நேராகப் போடலாம், நேராக எடுத்துக் கூட்டலாம். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். அதில் தவறு எதுவும் இல்லை, அது நல்ல மாற்றம்தான். ஆனால் மாற்றும் வேலை நின்றுபோகவில்லை. கம்பைலர் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. புதிதாக டீமுக்கு வருகிறவர்களுக்கு இதை நான் வாயால் விளக்குவதில்லை. அவர்கள் எழுதியதிலிருந்து வந்த கிளாஸ் ஃபைலை, அதன் உள்ளே இருப்பதைக் காட்டும் ஜாவாப்பி என்ற கருவியில் திறந்து காட்டச் சொல்வேன். அவர்கள் எழுதாத ‘வேல்யூஆஃப்’ அழைப்பு ஓரிடத்தில் இருக்கும். அவர்கள் எழுதாத ‘இன்ட்வேல்யூ’ அழைப்பு இன்னோரிடத்தில் இருக்கும். அந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், கீழே நான் சொல்லப்போவது எல்லாமே அவற்றிலிருந்துதான் வருகிறது என்பது புரிந்துவிடும்.

முதலில் ‘வேல்யூஆஃப்’. நான் வேலை பார்த்த ஒரு புராஜெக்டில் வாடிக்கையாளர் ஒரு நிதி நிறுவனம். கிளைகளுக்கு இடையே பணம் மாற்றும்போது, அனுப்பும் கிளையும் பெறும் கிளையும் ஒன்றா என்று ஒரு சோதனை இருந்தது. ஒன்றென்றால் கட்டணம் கிடையாது. கிளை எண் இரண்டு பக்கமும் இன்டிஜர். ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி போட்டிருந்தார்கள். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நிறுவனம் வளர்ந்து கிளைகள் கூடின. பிறகு ஒருநாள், புதிதாகத் திறந்த சில கிளைகளில் மட்டும், அதே கிளைக்குள் பணம் மாற்றினாலும் கட்டணம் பிடிக்கிறது என்று புகார் வந்தது. பழைய கிளைகளில் எல்லாம் சரியாக இருந்தது. கோடு எங்கும் மாறவில்லை, டேட்டாபேஸிலும் கோளாறு இல்லை. புகார் வந்த கிளைகளின் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எல்லாமே 127-க்கு மேல்.

மைனஸ் 128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கான இன்டிஜர் ஆப்ஜெக்ட்டுகளை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். அந்த வரம்புக்குள் ‘வேல்யூஆஃப்’ எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே ஆப்ஜெக்ட்டைத்தான் கொடுக்கும். சிறிய எண்கள் அடிக்கடி வருபவை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டாம் என்பது நோக்கம். வரம்பைத் தாண்டினால் வழக்கமாக ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஆப்ஜெக்ட் வரும். இரட்டைச் சமக்குறியின் இரண்டு பக்கமும் ஆப்ஜெக்ட்டாக இருந்தால், அது மதிப்பைப் பார்க்காது. இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று மட்டும் பார்க்கும். ஆகவே 127-ஆம் கிளை தனக்குத் தானே சமம், 128-ஆம் கிளை தனக்குத் தானே சமமில்லை. இதில் கண்ணைக் கட்டுவது என்னவென்றால், சிறியது பெரியது என்ற குறிகள் இப்படி நடந்துகொள்ளாது. அவை இன்டிஜரைப் பிரித்து உள்ளே இருக்கும் எண்ணை எடுத்துத்தான் ஒப்பிடும். ஒரு பக்கம் மட்டும் இன்ட் ஆக இருந்தாலும் இரட்டைச் சமக்குறி மதிப்பைத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் ராப்பராக இருக்கும்போது மட்டும் அர்த்தம் மாறுகிறது.

‘ஈக்வல்ஸ்’ என்று மாற்றியதும் புகார் நின்றது. அதோடு நாங்கள் இன்னொன்றையும் கவனித்தோம். ஜாவா 1.4 காலத்தில் கையால் ‘நியூ இன்டிஜர்’ எழுதியிருந்தால், 1-ஆம் கிளையிலேயே இந்தத் தவறு பல்லைக் காட்டியிருக்கும். டெஸ்டிங்கின் முதல் நாளே பிடித்திருப்பார்கள். முன்கூட்டியே செய்து வைத்த ஆப்ஜெக்ட்டுகள் அதை மறைத்து வைத்திருந்தன, ஏனென்றால் டெஸ்ட் செய்கிறவர்கள் எப்போதும் 1, 2, 3 என்றுதான் டேட்டா போடுவார்கள். அன்றிலிருந்து எங்கள் டெஸ்ட் டேட்டாவில் அடையாள எண்கள் எல்லாம் 1000-க்கு மேல்தான் தொடங்கும்.

அடுத்தது ‘இன்ட்வேல்யூ’. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு மதிப்பெண் மென்பொருள் செய்தோம். டேட்டாபேஸில் மாணவர் பதிவெண், பாடக் குறியீடு, மதிப்பெண் என்று மூன்று காலம். தேர்வுக்கு வராதவருக்கு மதிப்பெண் காலத்தில் நல், அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, இருக்கும். ஜாவா பக்கத்தில் மதிப்பெண் இன்ட் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. டேட்டாபேஸிலிருந்து எண்ணை எடுக்க ஜேடிபிசியில் ‘கெட்இன்ட்’ என்ற மெத்தட் உண்டு. அது திருப்பித் தருவது இன்ட், இன்டில் ‘இல்லை’ என்று சொல்ல வழி கிடையாது. அதனால் காலத்தில் நல் இருந்தால் அது 0 என்று தரும். எடுத்த பிறகு ‘வாஸ்நல்’ என்று தனியாகக் கேட்டால்தான் உண்மை தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கும் வரி கோடில் இல்லை.

முதல் பட்டியல் அச்சாகி வந்ததும் தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, இந்தப் பையன் பரீட்சைக்கே வரலை. அவனுக்கு எப்படிப் பூஜ்யம் போட்டீங்க?”

“வராதவங்களுக்கும் மார்க் பூஜ்யம்தானே சார்?” என்றார் உடன் வந்த எங்கள் டீம் பையன்.

“எழுதிப் பூஜ்யம் வாங்கினவன் பேப்பர் என் பீரோவுல இருக்கும். மறுமதிப்பீடு கேட்டா எடுத்துக் கொடுப்பேன். இவன் பேப்பரை எங்க போய்த் தேடறது?”

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருந்தது. எழுதிப் பூஜ்யம் வாங்கியவருக்கு மறுமதிப்பீட்டு விண்ணப்பம் போட உரிமை உண்டு. வராதவருக்கு அது கிடையாது. எழுதியவரின் பூஜ்யம் வகுப்பின் சராசரியில் சேரும். வராதவரைச் சேர்த்தால் சராசரி கெட்டுவிடும். ஒரு நிறுவனம் அத்தனை கவனமாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு நிலைகளை, நான்கு பைட் கொண்ட ஒரு வகை ஒன்றாக்கிவிட்டது. எங்கள் மென்பொருள் அந்தப் பையனைப் பற்றி உண்மையில்லாத ஒன்றைத் தாளில் அச்சிட்டிருந்தது.

மதிப்பெண்ணை இன்டிஜர் ஆக்கினோம். பட்டியலில் வராதவர் வராதவராகவே வந்தார். ஆனால் மொத்தம் கூட்டும் இடத்தில் புரோகிராம் நின்றது. கூட்டல் குறிக்கு ஆப்ஜெக்ட் வேண்டாம், எண்தான் வேண்டும். அதற்காகக் கம்பைலர் அங்கே சத்தமில்லாமல் ‘இன்ட்வேல்யூ’ போட்டிருக்கிறது. நல் மேல் எந்த மெத்தடையும் கூப்பிட முடியாது. நல் பாயின்டர் எக்செப்ஷன். அந்தக் காலத்துப் பிழைச் செய்தி வரி எண்ணை மட்டும்தான் சொல்லும். ஒரே வரியில் ஐந்து பாடங்களைக் கூட்டினால், எது நல் என்று நாமாகத் தேட வேண்டும். எந்த மாறி நல் என்று பெயரோடு சொல்லும் செய்தி ஜாவா 14-ல்தான் வந்தது.

இதே புரோகிராமில் இன்னும் நுணுக்கமான ஓர் இடம் இருந்தது. முறைகேட்டில் பிடிபட்டவரின் விடைத்தாளுக்கு 0, மற்றவர்களுக்கு அவரவர் மதிப்பெண் என்று, கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் வைத்து ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். விடையை வாங்கிக்கொள்ளும் மாறியும் இன்டிஜர்தான். பார்த்தால் எங்கும் கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை, நல் வந்தால் நல் ஆகவே போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு கிளையில் 0 என்ற இன்ட் இருப்பதால், அந்தத் தொடர் முழுவதற்கும் வகை இன்ட் என்று ஜாவா தீர்மானிக்கும். அதன்படி மறு கிளையில் இருக்கும் இன்டிஜரைப் பிரிக்கும். வராதவர் வந்ததும் உடைந்தது. ‘இஃப், எல்ஸ்’ என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதியதும் சரியானது.

கூட்டும் இடத்தில் நல் என்றால் 0 வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. புரோகிராம் நிற்காது, உண்மைதான். ஆனால் கண்காணிப்பாளர் சுட்டிக்காட்டிய அதே இடத்துக்குத்தான் திரும்பிப் போவோம், இந்த முறை மொத்தத்தில். அதனால் அவரிடமே போய்க் கேட்டோம். ஒரு பாடத்துக்கு வராதவருக்கு மொத்தம் போடுவீர்களா, விட்டுவிடுவீர்களா? எழுதிய பாடங்களை மட்டும் கூட்டிப் போடு, முடிவு காலத்தில் வரவில்லை என்று காட்டு என்றார். அந்த விதியை அப்படியே கோடில் எழுதினோம். நல் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜாவாவுக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் இந்தத் தொழிலில் கற்றதைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இன்ட் என்று எழுதுவது, இங்கே எப்போதும் ஒரு மதிப்பு இருக்கும் என்று கொடுக்கும் வாக்கு. இன்டிஜர் என்று எழுதினால், மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தத் துறையைப் பற்றிய முடிவு. ஆட்டோபாக்சிங் வந்த பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் போய்வர முடிகிறது என்பதால், முடிவு எடுக்காமலே பல பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மற்ற பொறிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சாவி லாங் வகையில் உள்ள ஒரு மேப்பில் 101 என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. 101 இன்டிஜராகப் போகும், இன்டிஜர் 101-உம் லாங் 101-உம் ‘ஈக்வல்ஸ்’ கணக்கில் வேறு வேறு. அதே 101-ஐச் சாவியாக வைத்து உள்ளே போட முயன்றால் கம்பைலர் தடுத்துவிடும். எடுக்கும்போதுதான் தடுக்காது. ‘புட்’ மெத்தட் சாவியின் வகையைப் பார்க்கும், ‘கெட்’ எந்த ஆப்ஜெக்ட்டையும் வாங்கிக்கொள்ளும். எண்கள் உள்ள லிஸ்டில் ‘ரிமூவ் 3’ என்றால் 3 என்ற எண் போகாது, இன்டெக்ஸ் 3-ல் இருப்பது போகும். எண்ணை நீக்க வேண்டுமென்றால் அதை இன்டிஜர் ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். இவை இரண்டும் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடை தருபவை, அதனால்தான் ஆபத்தானவை.

செலவையும் சொல்ல வேண்டும். இன்று பரவலாக ஓடும் 64 பிட் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில், வழக்கமான அமைப்பில், ஓர் இன்டிஜர் ஆப்ஜெக்ட் 16 பைட் எடுக்கும். அதில் 12 பைட் ஆப்ஜெக்ட்டின் தலைப்பகுதி, எண்ணுக்குப் போவது 4 பைட். அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ் இன்னொரு 4 பைட். ஆகப் பத்து லட்சம் எண்களை இன்ட் அர்ரேயில் வைத்தால் சுமார் 4 எம்பி, இன்டிஜர்களின் லிஸ்டில் வைத்தால் சுமார் 20 எம்பி. இடம் மட்டும் பிரச்சினை இல்லை. இன்ட் அர்ரேயில் எண்கள் அடுத்தடுத்து இருக்கும், பிராசஸர் வரிசையாக வாரிக்கொண்டு போகும். இன்டிஜர்கள் ஹீப்பில் எங்கெங்கோ கிடக்கலாம், ஒவ்வொன்றையும் தேடிப் போக வேண்டும்.

ஜோஷுவா பிளாக் தன் ‘எஃபெக்டிவ் ஜாவா’ புத்தகத்தில் இதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறார். 0 முதல் இன்டின் உச்ச எண் வரை கூட்டும் ஒரு லூப். கூட்டுத்தொகையை வைத்திருக்கும் மாறி, சிறிய எழுத்தில் தொடங்கும் லாங் என்பதற்குப் பதிலாகப் பெரிய எழுத்தில் தொடங்கும் லாங். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். விடை சரியாகவே வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பழையதைப் பிரித்து, கூட்டி, புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் செய்ய வேண்டியிருப்பதால் ஏறக்குறைய 214 கோடி ஆப்ஜெக்ட்டுகள் உருவாகும். அந்த எழுத்தை மாற்றியதும் தன் மெஷினில் 6.3 விநாடி 0.59 விநாடியாகக் குறைந்தது என்று மூன்றாம் பதிப்பில் எழுதுகிறார். இரவில் ஓடும் வட்டிக் கணக்கு, சம்பளக் கணக்கு போன்ற வேலைகளில் இந்த எழுத்தைத் தேடிப் பிடிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. 2014-ல் ஜாவா 8 ஸ்ட்ரீம்களைக் கொண்டுவந்தபோது எண்களுக்கென்று இன்ட்ஸ்ட்ரீம், லாங்ஸ்ட்ரீம், டபுள்ஸ்ட்ரீம் என்று தனியாகக் கொடுத்ததும் இந்தச் செலவைத் தவிர்க்கத்தான். கூட்டுத்தொகை வேண்டுமென்றால் ‘மேப்டுஇன்ட்’ போட்டுவிட்டுக் கூட்டுவதே முறை.

இப்போது ரிவ்யூவுக்கு உட்காரும்போது எங்கள் டீமில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். லூப்புக்குள்ளும் கணக்குக்குள்ளும் பிரிமிட்டிவ் மட்டும். டேட்டாபேஸ் காலத்தில் நல் வரலாம் என்றால், அதற்கு நேரான ஜாவா ஃபீல்டு கட்டாயம் ராப்பர். வரவே கூடாது என்றால், டேட்டாபேஸிலேயே நல் கூடாது என்று தடை போட்டுவிட்டு ஜாவாவில் இன்ட். ராப்பரிலிருந்து பிரிமிட்டிவுக்கு வரும் இடம் எல்லையில் ஒரே இடமாக இருக்க வேண்டும், அங்கே நல் வந்தால் என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு ராப்பர்களுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி வந்தால் கோடு திரும்பிப் போகும். “அண்ணா, இது எப்பவுமே 1-லேர்ந்து 5 வரைக்கும்தான் வரும்” என்பார்கள். நிதி நிறுவனத்தின் கிளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, ‘ஈக்வல்ஸ்’ எழுதச் சொல்வேன்.

பிற மொழிகள் இந்தக் கேள்வியை நேராகக் கேட்கின்றன. கோட்லினில் எண்ணுக்கு வகை எழுதும்போது பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் நல் வரலாம் என்று பொருள், போடாவிட்டால் வராது. ஜேவிஎம்மில் ஓடும்போது முதலாவது இன்டிஜராகவும் இரண்டாவது பெரும்பாலும் இன்ட் ஆகவும் ஆகிவிடும். கேள்விக்குறி போட்ட எண்ணைச் சோதிக்காமல் கூட்டினால் கம்பைலரே நிறுத்திவிடும். எழுதுகிறவன் முடிவெடுக்காமல் நகர முடியாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

ஜாவாவிலும் மாற்றம் வருகிறது. ‘நியூ இன்டிஜர்’ என்று எழுதுவதை 2017-ல் வந்த ஜாவா 9 கைவிடச் சொல்லிவிட்டது. 2014-ல் தொடங்கிய வல்ஹல்லா திட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. இன்டிஜர் போன்றவற்றை, தனி அடையாளம் இல்லாத, மதிப்பு மட்டுமே உள்ள ஆப்ஜெக்ட்டுகளாக ஆக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. அது முழுதாகக் கைக்கு வந்தால், இரட்டைச் சமக்குறி மதிப்பையே பார்க்கும், 128-ஆம் கிளை தனக்குத் தானே சமமாகிவிடும். இடமும் வேகமும் மிச்சமாகும். பல வருடமாக எங்களைப் படுத்திய பாதிப் பிரச்சினை அதோடு தீரும், தீர வேண்டும் என்று ஆவலோடு காத்திருக்கிறேன்.

மறுபாதி எந்த வெளியீட்டிலும் தானாகத் தீராது. வராத மாணவருக்கும் பூஜ்யம் வாங்கிய மாணவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஜேவிஎம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. ஒரு ஃபீல்டுக்கு இன்ட் என்று எழுதுவதற்கு முன்னால், அந்தத் தகவலோடு தினமும் புழங்குகிற மனிதரிடம் போய், “சார், இது இல்லாமலும் இருக்குமா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அந்த இரண்டு பதிலும் கையில் இருந்தால், இன்டா இன்டிஜரா என்பதில் உங்களுக்குக் குழப்பமே வராது.